பத்துப் பொருத்தம் பார்க்கிற ரக்பி

2011 அக்டோபர் 23, ஆக்லாந்தின் ஈடன் பார்க். ரக்பி உலகக் கோப்பை இறுதி ஆட்டம் தொடங்கி அரைமணி நேரம் தாண்டியிருக்கிறது. நியூசிலாந்தின் பத்தாம் எண் ஆட்டக்காரர் ஏரன் க்ரூடன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் கிடக்கிறார். பத்தாம் எண்ணுக்கு ‘ஃப்ளை ஹாஃப்’ என்று பெயர். அணியின் ஆட்டத்தை நடத்துவது அவர்தான். க்ரூடனே அந்த இடத்துக்கு வந்த மூன்றாம் ஆள். முதல் ஆளான டான் கார்ட்டர் மூன்று வாரம் முன்பு உதைப் பயிற்சியின்போது தொடையிடுக்குத் தசைநார் கிழிந்து ஒதுங்கிவிட்டார். இரண்டாம் ஆள் காலின் ஸ்லேட் காலிறுதியில் அடிபட்டுப் போனார். இப்போது உள்ளே ஓடி வருகிறவர் நான்காம் ஆள், ஸ்டீஃபன் டொனால்ட்.

இரண்டு வாரம் முன்பு அவர் வைக்காட்டோ ஆற்றில் பொடிமீன் பிடித்துக்கொண்டிருந்தார். கோச் கிரஹாம் ஹென்றி கூப்பிட்டபோது போனைக்கூட எடுக்கவில்லை. ஓராண்டுக்கு முன் ஹாங்காங்கில் ஆஸ்திரேலியாவிடம் கடைசி நேரத்தில் தோற்றபோது ரசிகர்கள் அவரைத்தான் திட்டித் தீர்த்தார்கள். இறுதி ஆட்டத்தன்று கிடைத்த ஜெர்சியும் அளவு சிறியது. ஓடும்போதெல்லாம் வயிற்றுக்கு மேல் ஏறுகிறது. இரண்டாம் பாதி தொடங்கிய சில நிமிடங்களில் நியூசிலாந்துக்கு ஒரு பெனால்டி. அதுவரை உதைத்துக்கொண்டிருந்த பீரி வீப்புவுக்கு அன்று எதுவும் உள்ளே போகவில்லை. டொனால்ட் பந்தை வாங்கி வைத்து உதைக்கிறார். மூன்று புள்ளி. ஆட்டம் 8-7 என்று முடிகிறது.

எதிரே ஆடிய பிரான்ஸின் கதையும் இதேதான். அவர்களுடைய பத்தாம் எண் மோர்கன் பாரா முதல் பாதி முடியுமுன்பே அடிபட்டு வெளியேற, ஃபிரான்சுவா ட்ரின்-டுக் உள்ளே வந்தார். உலகத்தின் மிகப் பெரிய ரக்பி ஆட்டத்தில் இரண்டு கோச்சுகளும் தேர்ந்தெடுத்த ஒன்பதாம் எண்-பத்தாம் எண் ஜோடிகள் ஒரு பாதிகூடத் தாங்கவில்லை.

இத்தனையையும் கண்ணால் பார்த்த பிறகும் ரக்பி உலகம் தன் பழைய வேதத்தை விடுவதாக இல்லை. ‘ஜெயிக்கிற டீமைக் கலைக்காதே’ என்று நம் ஊர்க் கிரிக்கெட் மைதானங்களில் சொல்வதை அங்கே இன்னும் பயபக்தியோடு சொல்கிறார்கள். ஸ்க்ரம்மிலிருந்து பந்தை எடுத்துத் தரும் ஒன்பதாம் எண்ணும் அதை வாங்கும் பத்தாம் எண்ணும் சேர்ந்து முப்பது ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும். நடுவே நிற்கும் இரண்டு சென்டர்களும் இரட்டைப் பிறவிபோல் ஒருவர் மனதை ஒருவர் அறிந்திருக்க வேண்டும். ஸ்க்ரம்மில் முட்டும் முன்வரிசை மூவரும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்களாக இருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற தரகர்கூட இத்தனை நிபந்தனை போடமாட்டார். எந்தக் கோச்சாவது ஆட்களைச் சுழற்சி முறையில் இறக்கினால் வர்ணனையாளர்களும் முன்னாள் வீரர்களும் ஒரே குரலில் பாட ஆரம்பித்துவிடுவார்கள்: கூட்டணியைக் குலைக்கிறான், ஜெர்சியின் மதிப்பைக் கெடுக்கிறான், 2007 மறந்துவிட்டதா?

அந்த 2007-ஐத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்த நம்பிக்கைக்கு அது தலபுராணம் மாதிரி.

கிரஹாம் ஹென்றி 2004-ல் நியூசிலாந்தின் பொறுப்பேற்றதிலிருந்து ஆட்களை மாற்றி மாற்றி இறக்கினார். 2007 உலகக் கோப்பைக் காலிறுதியில், அக்டோபர் 6 அன்று கார்டிஃபில், அவருடைய அணி பிரான்ஸிடம் 18-20 என்று தோற்றது. உலகக் கோப்பைகளில் அந்நாட்டின் மிக மோசமான முடிவு அதுதான். மறுநாளே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது: சுழற்சிதான் கொன்றது. மில்ஸ் முலியானா என்கிற, எல்லோருக்கும் பின்னால் நிற்கும் ஃபுல்-பேக் ஆட்டக்காரரை அன்று சென்டரில் நிறுத்தியதைப் பாருங்கள், நான்கு வருஷம் கலைத்துக் கலைத்து ஆடியதில் ஒரு நிலையான சென்டர் ஜோடிகூட அமையவில்லை என்றார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆட்டத்தில் ஜெயித்தவர்கள் யார் என்று திரும்பிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பிரான்ஸ் கோச் பெர்னார் லபோர்ட் அன்று ஃபுல்-பேக் இடத்தில் நிறுத்தியது டேமியன் த்ரைய் என்கிற சென்டரை. நீளமாக உதைப்பார் என்பதுதான் காரணம். பத்தாம் எண்ணில் 21 வயது லியோனல் போக்ஸிஸ். இரண்டாம் பாதியில் போக்ஸிஸை வெளியே எடுத்து ஃப்ரெடரிக் மிஷலாக்கை இறக்கினார். வந்த சற்று நேரத்தில் த்ரைய் கொடுத்த பந்தை வாங்கி மிஷலாக் கிழித்துக்கொண்டு ஓடினார். அவர் தள்ளிய பந்தில்தான் யானிக் ஜோசியோன் வெற்றிக்கான ட்ரையைப் போட்டார். (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றுவதுதான் ட்ரை.) த்ரைய் கொடுத்தது முன்னோக்கிப் போன தப்பான பாஸ் என்று நியூசிலாந்துக்காரர்கள் இன்றைக்கும் புலம்புவார்கள். அது தனிக் கச்சேரி. நியூசிலாந்து ஒரு ஃபுல்-பேக்கைச் சென்டராக்கியது. பிரான்ஸ் ஒரு சென்டரை ஃபுல்-பேக்காக்கியது. ஒரே பாவம், இரண்டு பேரும் செய்தார்கள். ஒருவருக்கு நரகம், இன்னொருவருக்கு அரையிறுதி.

நியூசிலாந்து அன்று தோற்றதற்குக் களத்திலேயே வேறு காரணம் கிடக்கிறது. கார்ட்டர் இரண்டாம் பாதியில் காயத்தோடு வெளியேறினார். அவருக்குப் பதில் வந்த நிக் எவன்ஸும் அடிபட்டார். கடைசி நிமிடங்களில் இரண்டு புள்ளி பின்தங்கி நிற்கிறார்கள். ஓடும் ஆட்டத்திலேயே பந்தைத் தரையில் தட்டி உதைக்கிற டிராப் கோல் ஒன்றை அடித்தால் மூன்று புள்ளி, ஆட்டம் கையில். அதை அடிக்கப் பழகிய ஆள் களத்தில் ஒருவரும் இல்லை. சென்டர் லூக் மெக்கலிஸ்டர் வெகு தூரத்திலிருந்து ஒன்றை முயன்றார், போகவில்லை. ஆட்களை அதிகமாக மாற்றியதால் வந்த வினையா இது? மூன்றாவது பத்தாம் எண்ணைத் தயார் செய்யாததால் வந்த வினை. நோய் குறைவான சுழற்சி. மருத்துவர் எழுதித் தந்த சீட்டோ சுழற்சியை நிறுத்தச் சொல்கிறது!

அந்த ஆண்டு ஹென்றி செய்த உண்மையான தவறு ஒன்று உண்டு. தேசிய அணியின் 22 பேரை, வட்டார அணிகள் மோதும் சூப்பர் 14 போட்டியின் முதல் பாதியில் ஆடவிடாமல் நிறுத்தி உடற்பயிற்சிக்கு அனுப்பினார். அவர்கள் ஆடவே இல்லை. ஒரு ஆட்டத்தை இரண்டு பேருக்குப் பங்கிட்டுத் தருவதற்குப் பெயர் சுழற்சி. ஆளை ஆட்டத்திலிருந்தே அப்புறப்படுத்துவதற்கு வேறு பெயர். சமையலை இரண்டு பேர் முறைவைத்துச் செய்வதும் அடுப்பையே அணைத்துவிடுவதும் ஒன்றாகுமா?

இன்னொரு சங்கதி. அதே நாள், அதே அக்டோபர் 6, கார்டிஃப் ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு மார்செய் நகரில் ஆஸ்திரேலியாவும் காலிறுதியில் தோற்றது. இங்கிலாந்திடம் 10-12. அதுவும் இரண்டே புள்ளி. ஆஸ்திரேலியாதான் நிலையான ஜோடிக்கு உலகத்துக்கே உதாரணம்: ஜார்ஜ் க்ரேகன் ஒன்பது, ஸ்டீஃபன் லார்க்கம் பத்து. கிட்டத்தட்ட எண்பது டெஸ்டுகள் சேர்ந்தே ஆடிய ஜோடி. (ரக்பியில் நாடுகள் மோதும் எந்த ஆட்டத்துக்கும் டெஸ்ட் என்றுதான் பெயர்.) அந்தத் தொடரில் லார்க்கமின் முழங்கால் மக்கர் செய்தது. ஜோடி போயிற்று. பத்தாம் எண்ணில் நிறுத்தியது பெரிக் பார்ன்ஸ் என்கிற 21 வயதுப் பையனை. அந்த உலகக் கோப்பைக்கு வந்த பிறகுதான் அவர் தன் முதல் டெஸ்டையே ஆடினார். ஆண்டுக்கணக்கில் ஒரே ஆளை நம்பி உட்கார்ந்ததன் விலை அது. ஆனால் ‘நிலையான ஜோடிதான் ஆஸ்திரேலியாவைக் கவிழ்த்தது’ என்று தலையங்கம் எழுத ஆள் வரவில்லை. இரண்டு புள்ளியில் தோற்ற இரண்டு அணிகளில் ஒன்றின் கொள்கை மட்டும் கூண்டில் ஏற்றப்பட்டது.

சரி, அந்த ஆண்டு கோப்பையைத் தூக்கிய தென்னாப்பிரிக்கா? கோச் ஜேக் ஒயிட் நிலையான அணியின் பக்தர் என்று பெயர் வாங்கியவர். அவர் அந்த ஜூலையில் என்ன செய்தார்? முதல்நிலை ஆட்டக்காரர்களை வீட்டில் விட்டுவிட்டு இரண்டாம் அணியைச் சிட்னிக்கும் கிறைஸ்ட்சர்ச்சுக்கும் அனுப்பினார். இரண்டிலும் தோல்வி, ஆஸ்திரேலிய ரக்பி நிர்வாகம் கொதித்துப்போனது. உலகக் கோப்பையில் டோங்காவுக்கு எதிராகவும் பெரும்பாலான முதல்நிலை வீரர்களைப் பெஞ்சில் உட்காரவைத்து, மூச்சுத் திணறித்தான் 30-25 என்று கரையேறினார். இதற்கிடையில் அவருடைய முதல் சென்டர் ஜான் டி வில்லியர்ஸ் முதல் ஆட்டத்திலேயே புயத்தசை கிழிந்து ஊருக்குப் போய்விட்டார். அந்த இடத்தில் ஃபிரான்ஸ் ஸ்டெய்ன், இருபதே வயது. இறுதி ஆட்டத்தில் வெகு தூரத்திலிருந்து ஒரு பெனால்டியை உள்ளே அனுப்பியவர் அவர். இங்கிலாந்தை 15-6 என்று வென்ற அணியின் சென்டர் ஜோடி, தொடருக்குள்ளேயே ஒட்டுப்போட்ட ஜோடி.

கூட்டணி என்பதே வெறும் பிரமை என்று சொல்ல வரவில்லை. ரக்பியில் அது எவ்வளவு நுட்பமான காரியம் என்பதை லைன்அவுட்டைக் கிட்டே போய்ப் பார்த்தால் தெரியும். பந்து பக்கக்கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. இரு அணியின் கனத்த ஆட்களும் ஒரு கை இடைவெளிவிட்டு இரண்டு வரிசையாக நிற்கிறார்கள். முன்வரிசையின் நடு ஆளான ஹூக்கர் கோட்டுக்கு வெளியே நின்று பந்தை இரு கையாலும் தலைக்கு மேல் பிடித்திருக்கிறார். உள்ளேயிருந்து ஒரு சங்கேதச் சொல் வருகிறது. எதிரணிக்கு அது உளறல். முன்னே நகர்வதுபோல் ஒருவர் பாசாங்கு செய்கிறார். பின்னாலிருக்கும் லாக், அதாவது உயரமான இரண்டாம் வரிசைக்காரர், இரண்டடி பின்வாங்கிக் குதிக்கிறார். குதித்த கணத்தில் ஒருவர் தொடையையும் இன்னொருவர் பின்புறத்தையும் பற்றி அவரை ஆகாயத்துக்குத் தூக்கிவிடுகிறார்கள். 115 கிலோ மனிதர் உச்சியில் நிற்பது ஒரு விநாடிக்கும் குறைவு. பந்து அந்த விநாடியில் அந்த விரல் நுனிக்குப் போய்ச் சேர வேண்டும். தவறினால் எதிரணியின் கை.

இது பழகாமல் வராது, யாரும் மறுக்கவில்லை. கேள்வி என்னவென்றால், பழகுவது எதை? சங்கேதச் சொல்லையும், எத்தனை அடி பின்வாங்குவது என்பதையும், பந்து எந்த உயரத்துக்கு எந்த வேகத்தில் என்பதையும்தான். ஒரே லாக்குக்கு மட்டும் எறிந்து பழகிய ஹூக்கர், அந்த லாக் நொண்டிக்கொண்டு வெளியே போகும் நாளில் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிள்ளை மாதிரி விழிப்பார். நான்கு லாக்குகளுக்கு எறிந்து பழகியவர் விழிக்கமாட்டார். ஸ்க்ரம்முக்கும் இதே கணக்குதான். 900 கிலோவைத் தொடுகிற எட்டுப் பேரின் தள்ளல் ஒரே திசையில் போவதற்குக் காலை எங்கே ஊன்றுவது, முதுகை எப்படி வைப்பது, எந்த நொடியில் இறுக்குவது என்று ஒரு முறை இருக்கிறது. அந்த முறை அணிக்குச் சொந்தமாக இருந்தால் ஆள் மாறலாம். இரண்டு மூன்று பேருக்கு மட்டும் சொந்தமாக இருந்தால் அவர்களோடு போய்விடும்.

இதை நிரூபித்துக் காட்டியவரும் அதே ஹென்றிதான். 2005 ஜூலையில் பிரிட்டிஷ்-அயர்லாந்து லயன்ஸ் அணிக்கு எதிரான இரண்டாம் டெஸ்டில் கார்ட்டர் ஒருவரே 33 புள்ளி எடுத்தார். மூன்றாம் டெஸ்டுக்கு அவர் இல்லை, காயம். மெக்கலிஸ்டரைப் பத்தாம் எண்ணில் இறக்கினார்கள். 38-19 என்று வெற்றி. அதே ஆண்டு நவம்பரில் கார்டிஃபில் வேல்ஸை 41-3 என்று நசுக்கினார்கள். அடுத்த வாரம் டப்ளினில் அயர்லாந்துக்கு எதிராக ஹென்றி பதினைந்து பேரையும் மாற்றினார். பதினைந்து பேரையும்! ஒரு ஜோடிகூட மிச்சமில்லை. 45-7 என்று ஜெயித்தார்கள். பொருத்தம் பார்த்துத்தான் கூட்டணி அமையும் என்றால் அன்று அயர்லாந்து ஐம்பது புள்ளியாவது எடுத்திருக்க வேண்டும்.

‘இங்கிலாந்து 2003’ என்று எதிர்க்கட்சிக்காரர்கள் இப்போது கையைத் தூக்குவார்கள். மார்ட்டின் ஜான்சன், ஜானி வில்கின்சன், மாட் டாசன், வில் கிரீன்வுட்: உலகக் கோப்பையை வென்ற, தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிக்கக்கூடிய அணி. கோச் க்ளைவ் உட்வர்ட் அவர்களை வருஷக்கணக்காக ஒன்றாக வைத்திருந்தார் என்பது உண்மை. மீதி உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உலகக் கோப்பைக்கு ஒன்றரை மாதம் முன்பு, ஆகஸ்டில், அவர் பெரும்பாலும் இரண்டாம் நிலை ஆட்களைக் கொண்ட அணியைக் கார்டிஃபுக்கு அனுப்பினார்; அந்த அணி வேல்ஸை 43-9 என்று அடித்தது. அடுத்த வாரம் மார்செயில் அதே மாதிரி ஓர் அணி பிரான்ஸிடம் ஒரு புள்ளியில் தோற்று, நீண்ட வெற்றித்தொடர் அறுந்தது. உட்வர்ட் அலட்டிக்கொள்ளவில்லை.

உலகக் கோப்பைக் காலிறுதியில் அதே வேல்ஸ் பாதி ஆட்டத்தில் 10-3 என்று முன்னால் நின்றது. இடைவேளையில் உட்வர்ட் விங்கர் டான் லூகரை வெளியே எடுத்து மைக் கேட்டை உள்ளே அனுப்பினார். கேட் சென்டரில் நின்றார். சென்டர் மைக் டிண்டால் விங்குக்குத் தள்ளப்பட்டார். அதாவது கட்டிக் காத்த சென்டர் ஜோடியை ஆட்டத்தின் நடுவிலேயே பிரித்தார். வில்கின்சனின் தோளிலிருந்த பாரத்தில் பாதியைக் கேட் வாங்கிக்கொண்டார், 28-17 என்று தப்பித்தார்கள். அரையிறுதியில் மழை, கேட் தொடக்க அணியில், டிண்டால் பெஞ்சில். இறுதியில் மறுபடி டிண்டால் தொடக்கத்தில், கேட் பெஞ்சில். காலிறுதி, அரையிறுதி, இறுதி என்று மூன்று ஆட்டத்துக்குள் சென்டர் கூட்டணி மாறிக்கொண்டே இருந்தது. இறுதியிலும் நடுவர் ஆண்ட்ரே வாட்சன் ஸ்க்ரம்மில் இங்கிலாந்துக்கு எதிராகவே பெனால்டி கொடுத்துக்கொண்டிருந்தபோது, கூடுதல் நேரத்தில் பெஞ்சிலிருந்து மூத்தவர் ஜேசன் லெனார்ட் வந்து முன்வரிசையின் ஓர ஆளான ப்ராப் இடத்தில் நின்றார். ஸ்க்ரம் அடங்கியது. அதற்குப் பிறகுதான் வில்கின்சனின் அந்தப் புகழ்பெற்ற டிராப் கோல். நிலையான அணிக்குச் சிலை வைக்கும்போது லெனார்டையும் கேட்டையும் பீடத்துக்கு அடியில் புதைத்துவிடுகிறார்கள்.

நிலையான அணியை மாத்திரை மாதிரி விழுங்கியவர்கள் அயர்லாந்துக்காரர்கள். 2007-ல் கோச் எடி ஓசல்லிவன் தன் முதல் அணியை அவ்வளவு நம்பினார். பெஞ்சிலிருந்தவர்கள் பலர் டிராக்சூட்டோடே உலகக் கோப்பையைப் பார்த்து முடித்தார்கள். பிரையன் ஓட்ரிஸ்காலும் கார்டன் டார்சியும் சென்டரில், ரோனன் ஓகாரா பத்தில்: பொருத்தம் என்று பார்த்தால் பத்துக்குப் பத்து. நமீபியாவிடம் திணறினார்கள், ஜார்ஜியாவிடம் 14-10 என்று தப்பித்தார்கள், பிரான்ஸிடம் 3-25, அர்ஜென்டினாவிடம் 15-30. முதல் சுற்றோடு ஊர் திரும்பினார்கள். ஓடாத இயந்திரத்தைக் கழற்றி வேறு உதிரி போடக் கைவசம் உதிரியே இல்லை.

2015-ல் அதே நாடு, வேறு கோச், அதே பாடம். காலிறுதிக்கு முன் ஜானி செக்ஸ்டன், பால் ஓகானல், பீட்டர் ஓமஹனி, ஜேரட் பேய்ன் நால்வரும் காயம். ஷான் ஓப்ரையனுக்குத் தடை. ஐந்து தூண் சாய்ந்ததும் கூரை இறங்கியது. அர்ஜென்டினா கால் மணி நேரத்துக்குள் 17 புள்ளி எடுத்துவிட்டது, முடிவு 43-20. ‘துரதிர்ஷ்டம்’ என்று சொல்லிக்கொண்டார்கள். ரக்பியில் காயம் துரதிர்ஷ்டம் அல்ல, தினசரிச் சமையலில் உப்பு மாதிரி. இறுதிவரை போகிற அணி ஏழு ஆட்டம் ஆட வேண்டும். அதைத் தாண்டி அதே பதினைந்து பேர் முழுசாக வருவார்கள் என்று திட்டம் போடுகிற கோச், ஆடி மாதத்தில் காற்று அடிக்காது என்று பந்தல் போடுகிறவருக்குத் தம்பி.

விதிகளே இந்த நம்பிக்கையைக் காலாவதியாக்கிவிட்டன. ஒரு காலத்தில் காயம் பட்டால்தான் மாற்று ஆள். இன்று பெஞ்சில் எட்டுப் பேர், அவர்களில் மூவர் முன்வரிசைக்காரர்கள். 55-வது நிமிடம் வாக்கில் முன்வரிசை மூவரும் ஒன்றாக மாறுவது சாதாரணக் காட்சி. ஆட்டம் முடியும்போது தொடங்கியவர்களில் பாதிப் பேர்தான் களத்தில். முடிவு தீர்மானமாகிற கடைசி இருபது நிமிடத்தை ஆடுவது வேறொரு அணி. அந்த அணியின் கூட்டணி எப்போது பழகியது என்று பொருத்தம் பார்ப்பவர்கள் கேட்பதே இல்லை.

கேட்டவர் ஒருவர் உண்டு. தென்னாப்பிரிக்காவின் ரஸ்ஸி எராஸ்மஸ். 2018 ஜூன் 2 அன்று வாஷிங்டனில் வேல்ஸுக்கு எதிரான தன் முதல் டெஸ்டுக்கே அவர் புதுமுகங்கள் நிறைந்த அணியை அழைத்துப்போனார். முதல் அணி ஜோகன்னஸ்பர்க்கில் இங்கிலாந்து ஆட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. வாஷிங்டனில் 20-22 என்று தோற்றார். புதுக் கோச்சின் முதல் ஆட்டத்திலேயே இப்படிச் செய்தால் தலைப்புச் செய்திகள் எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்று முதல் டெஸ்ட் ஆடியவர்களில் ஒருவர் மகசோலே மபிம்பி. அடுத்த ஆண்டு யோகோஹாமாவில் இங்கிலாந்தை 32-12 என்று வென்ற உலகக் கோப்பை இறுதியில், தென்னாப்பிரிக்கா எந்த இறுதி ஆட்டத்திலும் போடாதிருந்த முதல் ட்ரையைப் போட்டவர் அவர். இன்னொருவர் ப்ராப் ஆக்ஸ் என்ச்சே. அவருடைய கதைக்கு 2023 வரை காத்திருக்க வேண்டும்.

2023 அரையிறுதி, பாரிஸ். இங்கிலாந்துக்கு எதிராகத் தென்னாப்பிரிக்கா தடுமாறுகிறது. எராஸ்மஸும் தலைமைக் கோச் ஜாக் நீனாபரும் அரைமணி நேரம் முடிந்ததுமே பத்தாம் எண் மேனி லிபாக்கை எடுத்துவிட்டு ஹாண்ட்ரே போலார்டை இறக்குகிறார்கள். போலார்ட் தொடருக்கான முதல் பட்டியலிலேயே இல்லாதவர். ஹூக்கர் மால்கம் மார்க்ஸ் அடிபட்டதும் அவருக்குப் பதிலாக வந்தவர். பத்து நிமிடம் மிச்சமிருக்கும்போது 6-15. பெஞ்சிலிருந்து வந்த ஆர்.ஜி. ஸ்னைமன் ட்ரை போட, போலார்ட் அதை உதைத்து முழுமையாக்குகிறார்: 13-15. மூன்று நிமிடம் இருக்கையில் ஒரு ஸ்க்ரம். பெஞ்சிலிருந்து வந்த என்ச்சே எதிரே நின்ற ப்ராப்பை நசுக்கிப் பெனால்டி வாங்கித் தருகிறார். பாதிக்கோட்டருகிலிருந்து போலார்ட் உதைக்கிறார்: 16-15. கடைசிப் பத்துப் புள்ளியும் ஆட்டத்தைத் தொடங்காதவர்களின் கைவண்ணம்.

அடுத்த வாரம் இறுதி. காலிறுதியையும் அரையிறுதியையும் தொடங்கியது கோபஸ் ரைனாக்-லிபாக் ஜோடி. ‘ஜெயிக்கிற டீம்’ அல்லவா? கலைத்தார்கள். ஃபாஃப் டி கிளர்க்கும் போலார்டும் தொடங்கினார்கள். நியூசிலாந்தை 12-11 என்று வென்றபோது பன்னிரண்டும் போலார்டின் காலிலிருந்து வந்தது. இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு: டி கிளர்க்-போலார்ட் 2019 இறுதியையே தொடங்கிய பழைய ஜோடிதானே? பழைய ஜோடிதான். ஆனால் அதைத் திருமணம்போல் கட்டிக்காக்கவில்லை. நான்கு ஒன்பதாம் எண்களையும் இரண்டு பத்துகளையும் எப்படிச் சேர்த்தாலும் ஓடும்படி பழக்கிவைத்து, அந்த ஆட்டத்துக்குத் தேவையானதை எடுத்தார்கள்.

இந்த வழிக்கு விலை இல்லாமல் இல்லை. அந்த இறுதி ஆட்டத்திலேயே மூன்றாம் நிமிடத்தில் ஹூக்கர் போங்கி ம்போனாம்பி காயத்தோடு வெளியேற, பெரும்பாலும் ஃப்ளாங்கராக ஆடிவந்த 37 வயது டியோன் ஃபூரி மிச்ச ஆட்டம் முழுவதும் அந்த இடத்தில் ஆடினார். லைன்அவுட் தள்ளாடியது. மார்க்ஸுக்குப் பதில் இன்னொரு ஹூக்கரை அழைக்காமல் பத்தாம் எண்ணை அழைத்ததற்குக் கொடுத்த விலை அது. 2024-லும் அப்படித்தான். பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவை 33-7 என்று வென்ற அணியில் பத்துப் பேரை மாற்றிப் பெர்த்தில் இறக்கினார் எராஸ்மஸ், 30-12 வெற்றி. அடுத்த மாதம் அர்ஜென்டினாவின் சாந்தியாகோ தெல் எஸ்தெரோவில் மறுபடி அணியைக் கலைத்துப் போட்டார். 28-29 என்று தோற்றார். அன்றைக்குப் பொருத்தக்காரர்கள் பொங்கல் வைத்திருப்பார்கள். ஒரு வாரம் கழித்து நெல்ஸ்பிரூட்டில் அதே அர்ஜென்டினாவை 48-7 என்று வென்று அந்தப் போட்டித்தொடரின் கோப்பையை எடுத்துக்கொண்டார். ஓர் ஆட்டத்தைச் செலவழித்து எத்தனை ஆட்களைச் சம்பாதித்தார் என்பதுதான் கணக்கு.

சுழற்சியின் பெயரால் நடக்கிற கூத்துகளையும் இதோடு சேர்த்துக்கொள்ளக் கூடாது. 2011-ல் பிரான்ஸ் கோச் மார்க் லியெவ்ரமோன் ஆட்களை மாற்றிய விதம் திட்டமா, ஆத்திரமா என்று அவருடைய வீரர்களுக்கே புரியவில்லை. ஒன்பதாம் எண்ணான பாராவைத் தொடரின் நடுவில் பத்தாக்கினார்; டோங்காவிடம் 14-19 என்று தோற்றார். அது சீட்டுக் குலுக்கல். அப்படிக் குலுக்கிய அணியே இறுதிவரை வந்து ஒரு புள்ளியில் தோற்றது என்பது பொருத்தக்காரர்கள் விளக்க வேண்டிய இன்னொரு சங்கடம்.

அவர்கள் கையிலிருக்கும் கடைசிச் சீட்டு புள்ளிவிவரம். கோப்பை வென்ற அணிகளைப் பாருங்கள், ஜோடிகள் எத்தனை டெஸ்ட் சேர்ந்து ஆடியிருக்கின்றன பாருங்கள் என்பார்கள். ஜெயிக்கிற அணியைக் கோச் கலைப்பதில்லை. அதனால் ஜெயிக்கிற ஜோடிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. தோற்கிற ஜோடியைப் பத்தாவது ஆட்டத்திலேயே பிரித்துவிடுகிறார்கள். அது கணக்கிலேயே வராது. குடை விரித்த தெருவிலெல்லாம் மழை பெய்கிறது, ஆகவே குடைதான் மழையைக் கொண்டுவந்தது என்கிற வாதம் இது. அனுபவம் வேண்டும் என்பது வேறு, அது ஒரே துணையோடு வந்த அனுபவமாக இருக்க வேண்டும் என்பது வேறு. டொனால்டுக்கு அந்த இறுதி ஆட்டத்துக்கு முன்பே இருபதுக்கும் மேற்பட்ட டெஸ்ட் அனுபவம் இருந்தது. கார்ட்டர் இல்லாத நாட்களில், ரசிகர்கள் முகம் சுளிக்கச் சுளிக்க, ஹென்றி அவருக்கு வாங்கித் தந்த அனுபவம் அது. ஆற்றங்கரையிலிருந்து வந்த மனிதருக்கு அந்தச் சங்கேதச் சொற்கள் புதிதாக இருக்கவில்லை.

பொருத்தத்துக்கு இன்றைக்கும் காட்டப்படுகிற முதல் உதாரணம் நியூசிலாந்தின் சென்டர் ஜோடி மா நோனுவும் கான்ராட் ஸ்மித்தும். அறுபதுக்கும் மேற்பட்ட டெஸ்டுகளைச் சேர்ந்து தொடங்கியவர்கள். ஒருவர் இடித்துக்கொண்டு போவார், இன்னொருவர் வழிகாட்டுவார் என்று பாடப்புத்தகம்போல் எழுதுவார்கள். 2015 அக்டோபர் 31, ட்விக்கன்ஹாம், ஆஸ்திரேலியாவுக்கு எதிரான உலகக் கோப்பை இறுதி, இருவருக்கும் கடைசி டெஸ்ட். இடைவேளையில் நியூசிலாந்து 16-3 என்று முன்னால் நிற்கிறது. ஜோடியைக் கலைக்க எந்தக் காரணமும் இல்லை. கோச் ஸ்டீவ் ஹேன்சன் ஸ்மித்தை வெளியே எடுத்துச் சோனி பில் வில்லியம்ஸை அனுப்புகிறார். இரண்டாம் பாதி தொடங்கி ஓரிரு நிமிடம்தான். வில்லியம்ஸ் தன்னைப் பிடிக்க வந்தவர்களுக்கு நடுவே கையை நீட்டிப் பந்தை விடுகிறார். நோனு அதை வாங்கி, ஒருவரைத் தாண்டி, இன்னொருவரைத் தாண்டி, பாதி மைதானத்தை ஓடிப் போய் ட்ரை போடுகிறார். ஸ்மித் அப்போது களத்தில் இல்லை.